டிவிக்குப் பின்னால்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டின் சன்னல் வழியே காலை வெயில் டிவியின் மேல் அடிக்கிறது. கீழே லோரிகள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எங்கள் மகள் விஷ்ணுப்ரியாவுக்குத் தாலி கட்டப் போகிறார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, கை நிறைய மஞ்சள் அரிசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என் மனைவி ராசாத்தி. அரிசி வியர்வையில் ஈரமாகி விரல்களில் ஒட்டுகிறது. லேப்டாப்பில் வரும் நேரலையைப் பார்க்க அவளுக்குக் கண் போதாது. அதனால் பக்கத்து வீட்டு ஜானிஸ் தன் லேப்டாப்பிலிருந்து வயர் இல்லாமலே படத்தை டிவிக்கு அனுப்புகிறாள். லேப்டாப்பில் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தாயிற்று. டிவியில் மாப்பிள்ளை இன்னும் மாலையைச் சரிசெய்கிறார். பிறகு அவரும் அசையாமல் நின்றுவிட, நடுவில் வட்டம் சுற்றுகிறது. "எல்லாம் முடிஞ்ச பிறகா நான் அரிசி போடணும்?" என்கிறாள் ராசாத்தி. "வயரையே மாட்டிடுவோம்லா," என்கிறேன். "இந்தக் காலத்துல யாருண்ணே வயரு மாட்டுறா," என்று முனகியபடியே ஜானிஸ் ஓடிப்போய் ஒரு பழைய வயரை எடுத்து வருகிறாள். டிவியின் பின்பக்கம் அது மாட்டுகிற இடம் தளர்ந்திருக்கிறது. அழுத்தினால் படம் வருகிறது, கையை எடுத்தால் போகிறது. "அப்படியே பிடிங்கண்ணே, ஆடாதீங்க." டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். தூசி மூக்கில் ஏறுகிறது, கட்டைவிரலால் வயரை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். கெட்டிமேளம் முழங்குகிறது. எனக்குத் தெரிவது ராசாத்தியின் முகம் மட்டும். அவள் உதடு துடிக்கிறது, கை உயர்கிறது. வீசிய அரிசி டிவியைத் தாண்டி என் தலையில் விழுகிறது. "கட்டியாச்சா?" என்கிறேன். ராசாத்தியின் கண் திரையை விட்டு அகலவில்லை. கட்டைவிரலை எடுக்காமல் நிற்கிறேன்.