சவரிமுத்து வீட்டு மோர்

“சவரிமுத்து வீட்டுல ஒரு வாய் மோர் குடிச்சிட்டு வந்துடறேம்மா” என்று வேலாயுதம் செருப்பை மாட்டினார்.

“தினமும் அடுத்தவங்க வாசல்ல மோருக்கு நின்னா, மாயாபந்தர் பூரா உங்க மகனைத்தான் மாமா கேவலமாப் பேசும். இனிமே நானே வீட்டுல உறை ஊத்தறேன்” என்றாள் மருமகள் மங்கையர்க்கரசி.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அந்தமானில் கிடைக்கும் பவுடர் பாலிலும் தயிர் கெட்டியாகவே தோய்ந்தது. மோரை அவர் மறுக்காமல் குடித்தார். ஆனால் பேச்சு நின்றுபோனது. நாள் முழுதும் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

ஒரு மாதம் கழித்து வந்து பார்த்த கம்பவுண்டர், “மோரை விடாதீங்க. வயிறு சரியானா மனசும் தெளியும்” என்றார்.

சவரிமுத்து வீட்டு மோரில்தான் ஏதோ இருக்கிறது. அதைக் குடித்த நாளெல்லாம் சிரித்துக்கொண்டு திரும்பினாரே! மங்கையர்க்கரசி மாமாவிடம் சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டுக் கிண்ணத்தோடு அங்கே போனாள்.

“கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா செலின்?”

சவரிமுத்துவின் மருமகள் விழித்தாள். “அரே, எங்க வீட்டுல மோர் ஏதுக்கா? ரெண்டு பேரும் கடுங்காப்பியைக் குடிச்சிட்டு ஊர்க்கதை பேசுவாங்க, அவ்வளவுதான்.”

மங்கையர்க்கரசிக்கு முகம் சுண்டியது. “நாளையிலேர்ந்து மாமாவை அனுப்பி வைக்கறேன்.”

“எங்க மாமா முந்தாநாள் கப்பல்ல மெயின்லேண்டுக்கே போயிட்டாருக்கா, மக வீட்டோட இருக்க. முழங்கால் வீங்கி நடக்க முடியாத மனுசன். கூட்டாளி வருவாருன்னு கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தாரு.”

காலிக் கிண்ணத்தோடு திரும்பியவளைக் கண்டதும் வேலாயுதம் எழுந்து உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

“சவரிமுத்து என்னைக் கேட்டானாம்மா?”