நாகப்பன் நின்ற இடம்

நாகப்பனின் பச்சை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வேறொருவன் கோல் போஸ்ட்டின் நடுவில் நின்றிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். ரேஷன் பையோடு வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் பையனுக்குப் பந்தை உதைத்துப் பழக்கிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் லட்சுமணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஃபுட்பால் டீமுக்கு அவன்தான் கோச். நாகப்பன் அவளுடைய தம்பி. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன், அந்த டீமின் கோலை வருஷக்கணக்காகக் காத்தவன்.

சாயங்காலம் லட்சுமணன் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டாள்.

"எந்தம்பி எடத்துல எவனோ நிக்கிறான். இன்னாய்யா சேதி?"

"அவன் பேரு சம்பத்து. பாரிவாக்கத்துப் பையன். புது டீம் கட்டுறோம். பூந்தமல்லி, குமணன்சாவடி, ஆவடி குவார்ட்டர்ஸ்னு சுத்தி, நல்லா ஆடுற சின்னப் பசங்களா பாத்து இட்டுகினு வந்துகீறேன். பந்து ஆடுறதுதான் அவங்களுக்கு வேலையே. அதுக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குது."

"மேனேஜர் சொன்னாரா?"

லட்சுமணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "இல்ல. நான்தான் அவராண்ட கேட்டேன்."

"சின்னப் பசங்க வரட்டும். கோல்ல மட்டும் ஒரு பெரியவன் நின்னா இன்னா? ஊட்டு ஆளு மேல உனுக்கு இன்னா கோவம்?"

"அவன மட்டுமா நிறுத்தினேன்? அவன் செட்டு ஆளுங்க எல்லாரையும்தான் நிறுத்தினேன்."

"ஏன்?"

"அத எங்கிட்ட கேக்காத, பஞ்சவர்ணம். ஒருத்தன மட்டும் நிறுத்தினா ஊரு அவனத்தான் நோண்டும்." சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டான்.

உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாகப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "உடுக்கா. மாமா செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

லட்சுமணன் அதோடு விட்டானா? கொஞ்ச நாளிலேயே, அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நாகப்பனை மிஷினிலிருந்து எடுத்து, பெட்டிக்குக் கயிறு கட்டுகிற வேலையில் போட்டார்கள். அதற்கும் லட்சுமணன்தான் மேனேஜரிடம் போய் நின்றானாம். மிஷின் ஓட்டிய கை கயிறு கட்டுகிறதே என்று பஞ்சவர்ணம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து புருஷனோடு பேச்சில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவதோடு சரி. டீக்கடையில் லட்சுமணன் வந்து உட்கார்ந்தால் பழைய ஆட்டக்காரர்கள் எழுந்து போனார்கள். எழுபத்தொன்றாம் வருஷத்து லீக்கில் பசங்களும் தோற்றுக்கொண்டே வந்தார்கள். லட்சுமணன் பொழுது விடிந்தால் பசங்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

நாகப்பனோ வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டுவதில்லை. எதிரில் சிரித்தவர்களுக்குத் திரும்பச் சிரிப்பதும் இல்லை. அவமானம் ஆளை உள்ளே இழுத்துவிட்டது என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். அந்தப் பாவம் லட்சுமணனைச் சும்மா விடாது என்றும் நினைத்தாள்.

லீக்கின் கடைசி ஆட்டம் வந்தது. இதிலும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவேன், பசங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தோற்கட்டும் என்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் நாகப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "நானும் வரேன். என்னை இட்டுகினு போக்கா."

போகிற வழியெல்லாம் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடியே வந்தான். ஊர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தில் இடம் பிடித்து, கோல் போஸ்ட்டை ஒட்டி உட்கார வைத்தாள். கையை நீட்டினால் வலையைத் தொடலாம்.

பசங்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிர் டீமுக்குப் பெனால்டி கிடைத்தது. இரண்டு கம்பெனி ஆட்களும் கோலைச் சுற்றி நெருக்கினார்கள். சம்பத் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

உள்ளே போகட்டும், உள்ளே போகட்டும் என்று பஞ்சவர்ணத்தின் வாய் முணுமுணுத்தது.

உதைத்த பந்து மூலையைப் பார்த்துப் பறந்தது. சம்பத் இடப்பக்கம் பாய்ந்தான். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி, அக்கா தம்பி இருவரின் காலடியிலேயே வந்து விழுந்தான். ஒரு பக்கம் விசில், ஒரு பக்கம் வசவு. காது அடைத்துப் போயிற்று.

பசங்கள் சம்பத்தை நோக்கி ஓடிவந்தார்கள். லட்சுமணன் ஓடவில்லை. கோட்டோரம் நின்று நாகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஞ்சவர்ணம் கோபத்தோடு தம்பி பக்கம் திரும்பினாள். அவன் முகம் நேராகக் கோலைப் பார்த்தபடி இருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. ஒரு கை காற்றில் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இன்னாக்கா ஆச்சு? பையன் புடிச்சிட்டானா?"