பலகையின் பின்பக்கம்

"வந்து உட்கார்ந்தாலே ஒரு மூட்டை கடலை இலவசம்" என்று புளியமரத்தில் பலகை அடித்து, ஓணான் சூதாட்டக் கடை திறந்தது. அணில் காலையிலிருந்து 'இருபத்தொன்று' என்ற சீட்டாட்டம் ஆடிவிட்டு மூட்டையைத் தூக்கப் போனது.

"வைங்க கீழே. சீட்டாட்டம் கணக்குல சேராது. அதோ அந்தச் சூதாட்டச் சக்கரத்தைச் சுத்தினாத்தான் மூட்டை," என்று ஓணான் பணிவாகத் தலையாட்டியது.

"இது எங்கய்யா எழுதியிருக்கு?"

"பலகைக்குப் பின்னாடி."

அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மரத்தோட சேர்த்து ஆணி அடிச்சு வச்சிருக்கே, பின்னாடி எவன்யா படிப்பான்? பகல்கொள்ளை!"

"கோபப்படாதீங்க. உங்களுக்கு மட்டும் ரெண்டு மூட்டை," என்று ஓணான் புதுப் பலகையை எடுத்தது.

"முதல்ல அதோட பின்பக்கத்தைக் காட்டு."

"அடிச்சதும் காட்டுறேன். அந்தச் சுத்தியலை எடுங்க."

"சீக்கிரம் அடிச்சுத் தொலைய்யா!" என்று அணில் சுத்தியலை நீட்டியது.