'ம்' வரும்வரை

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கு பஸ் டிக்கெட் முன்பதிவு தொடங்கிய காலை. ஊர் போகிறவர்கள் எல்லாரும் அழுத்து அழுத்தென்று அழுத்த, டேட்டாபேஸ் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது.

டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்ளும் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். மெமரி தாராளமாக இருந்தது. பிராசஸர் சும்மா கிடந்தது.

வேலையே செய்யாததற்கு இத்தனை களைப்பா என்று எரிச்சல் வந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"இது சரியாகலைன்னா பொங்கலுக்கு நீ இங்கதாம்மா."

போன பொங்கலுக்கும் அதைத்தான் சொன்னார். சொன்னபடியே ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து திருநெல்வேலியிலிருந்து அம்மா.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லாக்கைத் திறந்தாள். டேட்டாபேஸ் தான் செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் இடம் அது.

அம்மா தேங்காய் விலையில் ஆரம்பித்து சித்தியின் முட்டிவலிக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'ம்' வேண்டும். வராவிட்டால் அப்படியே நின்றுவிடுவாள்.

நின்றாள்.

"ஏளா, கேக்கியா?"

"ம்."

சித்திக்கு மறுபடி முட்டி வலித்தது.

அவள் விரல்கள் நின்றன.

அட, இதுவும் அம்மா மாதிரிதான்.

ஒவ்வொரு டிக்கெட்டையும் டேட்டாபேஸ், லாக் எழுதும் தனி மெஷினிடம் சொல்கிறது. அது எழுதி முடித்து 'ஆச்சு' என்று சொல்லும்வரை நிற்கிறது. அந்த மெஷினோ பழைய டிஸ்க்கில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி எழுதுகிறது. டேட்டாபேஸுக்கு ஒரு நோயும் இல்லை. 'ம்' வரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு, பதிலுக்கு நிற்காதே. டேட்டாபேஸின் செட்டிங்கில் ஒரே ஒரு வரியை அப்படி மாற்றினாள்.

வட்டம் காணாமல் போனது.

டிக்கெட்டுகள் மளமளவென்று ஓடின. அவளுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. மேனேஜர் தன் இடத்திலிருந்தே கத்தினார்.

"கெளம்பும்மா ஊருக்கு!"

போனை எடுத்துக் காதில் வைத்தாள். சித்தி இன்னும் குணமாகவில்லை.

"எம்மா, பொங்கலுக்கு வாரேன்."

சித்தியின் முட்டிவலி பாதியில் நின்றது.

"எம்மா?"

போனை எங்கோ வைக்கும் ஓசை. கதவு திறக்கும் ஓசை. பிறகு தெருவில் அம்மாவின் குரல்.

"ஏ முப்பிடாதி, எம்மவ வாராளாம்!"

பக்கத்து வீட்டு முப்பிடாதி என்ன சொன்னாளோ தெரியவில்லை. அதற்குள் குரல் அவள் வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டையும் தாண்டிப் போயிருந்தது.