பின் சீட்

"பின் சீட் எங்கே மாப்பிள்ளை?"

தபால்காரர் எதிர்பார்த்த கேள்விதான்.

இருபத்திரண்டு வருஷம் சைக்கிள் மிதித்துக்கொண்டே ஆசைப்பட்ட வண்டி. வட்ட விளக்கு, கறுப்பு டேங்க், ஸ்போக் சக்கரம், அந்தக் காலத்து அழகு. வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. பார்க்க வந்தவர் மனைவியின் அண்ணன். பஸ் டிரைவர். இரண்டு மணிக்கு டியூட்டி. காக்கிச் சட்டையோடு நின்றார்.

"கழட்டிட்டேன் மச்சான். இந்த மாதிரி வண்டிக்கு ஒத்தை சீட்தான் எடுப்பா இருக்கும்."

"என் தங்கச்சி எங்கே உட்காருவா? டேங்க் மேலயா?"

"அவளுக்கென்ன, அதான் நீங்க பஸ் ஓட்டுறீங்களே."

டிரைவர் சிரிக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே துழாவி சீட்டை இழுத்தார். பக்கத்திலேயே ஸ்பேனரும் கிடைத்துத் தொலைத்தது.

ஒரு போல்ட் ஏறியது. தபால்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"வேண்டாம் மச்சான். பெயின்ட்ல கீறல் விழும்."

"விழட்டும். உங்க அழகு கொஞ்சம் குறையட்டும்."

இரண்டாவது போல்ட்டும் ஏறியது.

"வாம்மா, ஏறு. தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து. கண்ணால பார்த்துட்டுக் கிளம்புறேன்."

வாசலில் நின்ற மனைவி கணவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சீட்டில் கை வைத்தாள்.

தபால்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் வண்டி. இதுல யாரையும் ஏத்துறதா இல்லை."

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"இத்தனை வருஷம் உனக்கு வடிச்சுக் கொட்டினவளுக்கு ஒரு சாண் இடம் இல்லை. நீயெல்லாம் ஒரு மனுஷன். இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என்னைக் கேளு."

தெருவே கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மனைவி சுவரைப் பிடித்து மெல்லப் படியில் உட்கார்ந்தாள்.

"நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறியிருப்பேன். இல்லைன்னா நீங்க சொல்லித் தொலைச்சிருக்கணும். நான் போன கார் மோதினப்போ பட்ட முதுகு அடி இன்னும் ஆறலை, குலுங்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு. உங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு?"

தபால்காரர் குனிந்து போல்ட்டைக் கழட்ட ஆரம்பித்தார்.

"சொன்னா, இன்னிக்கு அவர் பஸ்ஸை எடுப்பாரா? அன்னிக்குக் காரை ஓட்டினது அவருதானே."