பதினாலு கீது சார்

"அருள்மொழி, லிஸ்ட் போட்டியாம்மா? எத்தினி கீது?"

தினமும் பதினோரு மணிக்கு ரகுநாதன் சாரின் போன். அவர் பாடியில் இருக்கும் ஹெட் ஆபீசில். நான் அம்பத்தூர் எஸ்டேட் குடோனில், சர்வர் ரூமில். தனியாக.

கறுப்புத் திரையில் 'ஷோ டேட்டாபேசஸ்' என்று இங்கிலீஷில் அடித்து, கடைசியில் செமிகோலன் வைத்து என்டர் தட்டினால், சர்வரில் உள்ள டேட்டாபேஸ் பெயரெல்லாம் வரிசையாக வரும். எண்ணிச் சொல்ல வேண்டும்.

"பதினாலு சார்."

"செமிகோலன் வெச்சியா?"

முதல் நாள் அதை வைக்காமல், லிஸ்ட் வரும் வரும் என்று அரை மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாகியும் விடமாட்டார்.

"வெச்சேன் சார்."

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளஸ் டூவோடு நின்றவள், எண்ணக்கூடத் தெரியாது என்று நினைக்கிறாரா?

திங்கட்கிழமை சொல்லியேவிட்டேன்.

"சார், எட்டு மாசமா அதே பதினாலுதான். சர்வீசுக்கு நிர்மல் அண்ணன் வந்தா, தானா மெயில்ல வர்ற மாதிரி செய்யச் சொல்றேன். சும்மா சும்மா போன் பண்ணாதீங்க."



"சரிம்மா."

செவ்வாய், போன் அடிக்கவில்லை. நிம்மதி.

புதனும் அடிக்கவில்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பு. ரூம் முழுக்க நாறியது. திட்டக்கூட ஆளில்லை. காலையில் திருமுல்லைவாயிலில் ரயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும்வரை, நான் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

வியாழன் காலை நிர்மல் அண்ணன் யூபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தார்.

"அண்ணே, லிஸ்ட் தானா சாருக்கு மெயில்ல போற மாதிரி செஞ்சி குடுங்க."

சிரித்தார். "அது மூணு வருஷமா போய்க்கினுதானே கீது? சாரே எழுதி வெச்சது. டெய்லி காலைல எட்டு மணிக்கு அவரு மொபைல்ல வந்து உழுந்துடும்."

"அப்போ என்னை எதுக்கு கேட்டாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? அந்த ஸ்க்ரூ டிரைவர எடு."

அவர் போனதும் மணி பார்த்தேன். பத்தே முக்கால். பதினொன்று வரை பொறுக்க முடியவில்லை. நானே போன் போட்டேன்.

"சார், அருள்மொழி. பதினாலு கீது சார். செமிகோலன் வெச்சேன்."

பொய். அன்றைக்கு நான் லிஸ்ட்டே போடவில்லை.

போனை வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"இன்னா கொழம்பும்மா?" என்றார்.