மச்சினன் கொண்டுவந்த பிஸ்டல்

“அத்தான், என் உயிர் இப்ப உங்க கையில இருக்கு” என்றான் கௌரிசங்கர், குரலைத் தாழ்த்தி.

பாலகுருவின் கையில் இருந்ததோ ஒரு கறுப்பு பிஸ்டல். தோட்டா அடைத்த மேகசினைத் தட்டிச் செருகி, எதிரே இருந்த இலக்கைப் பார்த்து நீட்டினார்.

துபாய்க்கு அந்தப் பக்கம், ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், சுற்றுலா வருகிறவர்கள் வாடகைக்குத் துப்பாக்கி வாங்கிச் சுட்டுப் பார்க்கிற கிளப் அது. பாலகுரு அங்கே ஆயுதங்களுக்குப் பொறுப்பாளர். பட்டாளத்திலும் அதே வேலை பார்த்தவர். எந்தத் துப்பாக்கியானாலும் அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் கிளப்புக்குள் வரும்.

இன்றைக்கு வந்திருப்பது சந்தையிலேயே விலை குறைந்த பிஸ்டல். விற்க வந்திருப்பவன் அவர் மனைவி ராதிகாவின் கூடப்பிறந்த தம்பி. அவனுடைய மேனேஜர் பாஸ்கர், தமிழ் நன்றாகத் தெரிந்த பாலக்காட்டுக்காரர், அவனை ஒட்டிக்கொண்டே நின்றார்.

“இந்த ஆர்டர் கிடைக்கலைன்னா கௌரி ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கலாம். விசா கலாஸ், முடிஞ்சுது” என்று வந்ததுமே சிரித்தபடி சொல்லியும் விட்டார்.

அத்தானுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. பாலகுருவின் மாப்பிள்ளை முறுக்கு ஊரறிந்த சங்கதி. தலை தீபாவளிக்குப் போன இடத்தில், “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க அத்தான்” என்று கௌரி சொன்னதற்காகவே அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டிய மகாராசன் அவர்! அவன் போன் செய்தால் எடுக்க மாட்டார். நடுவில் கிடந்து அல்லாடுவது ராதிகாதான். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போதுகூட, “என் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுறாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பாலகுரு சுட்டார். போட்டதெல்லாம் மலிவுத் தோட்டா. நல்ல தோட்டா போட்டால் எந்தத் துப்பாக்கியும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. குழல் கொதிக்கிற வரை சுட்டார். பழக்கமில்லாதவர்கள் பிடிப்பதுபோல மணிக்கட்டைத் தளரவிட்டும் சுட்டார். இப்போது தோட்டா சிக்கும், இதோ சிக்கும் என்று பார்த்தால், காலிக் கூடுகள் சடசடவென்று தெறித்துக்கொண்டே இருந்தன.

பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைக் கழற்றி விரலால் தடவினார். அரம் போட்ட தடம் அங்கங்கே தெரிந்தது, இழைப்பு சுமார்தான். ஆனால் கொடுக்கிற காசுக்கு அது போதும். அட, பரவாயில்லையே என்றுகூடத் தோன்றியது அவருக்கு. மச்சினன் சரக்காயிற்றே என்பது ஒன்றுதான் உறுத்தியது.

“அப்ப ஓகேதானே சார்?” பாஸ்கர் பேனாவை நீட்டினார். பாலகுரு வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் அத்தான்” என்று குறுக்கே விழுந்தான் கௌரி. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கீழ போட்டெல்லாம் பாக்க வேண்டாம். செய்யுற எடத்துலயே பாத்துத்தான் அனுப்புவாங்க. அது மட்டும் வேண்டாம், சொல்லிட்டேன்.”

பேனா நின்றது. கிளப்பில் யாரும் கேட்கிற சோதனையே அல்ல அது.

“எதச் செய்யணும், எதச் செய்யக்கூடாதுன்னு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

“ஐயோ, அப்படி இல்ல அத்தான்! அக்கா மேல சத்தியம், உங்க கால்ல வேணா விழறேன். வேண்டாம்!”

“ஆமா சார், எதுக்கு வீணா? யல்லா, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க” என்றார் பாஸ்கர்.

அவ்வளவுதான், பாலகுருவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குண்டும் மருந்தும் எடுத்துவிட்டு, அடியில் வெடிக்கிற பொட்டு மட்டும் வைத்த வெறுங்கூடு ஒன்றை பிஸ்டலில் ஏற்றினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். இடுப்புயரத்திலிருந்து ரப்பர் பாய்மேல் விட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. பாஸ்கர் மூச்சை விட்டார். கௌரி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

பாலகுரு விடுகிற ஆளா? மறுபடி எடுத்து, பின்பக்கம் தரையில் படும்படி விட்டார்.

டப்!

விசையை யாரும் தொடவில்லை. நிஜத் தோட்டா இருந்திருந்தால், கைதவறிப் போட்டவர் முகத்திலேயே பாய்ந்திருக்கும். பிள்ளைகுட்டியோடு ஜனங்கள் வருகிற இடம் இது! பாலகுரு பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“இது வேண்டாம். எடுத்துட்டுப் போங்க.”

பாஸ்கரின் முகம் கறுத்துவிட்டது. “கால்ல விழறேன்னு சொன்னான், அப்பவும் நீங்க கேக்கலையே! நீங்க எல்லாம் ஒரு சொந்தக்காரரா? உன் மேல குத்தம் இல்ல கௌரி, வா போகலாம்” என்று கத்திவிட்டு, வெளியே போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கௌரி தலையைக் குனிந்தபடி நடந்தான். பாலகுருவுக்கு மனசு கேட்கவில்லை. செய்தது சரிதான், ஆனால் வீம்புக்குத்தானே செய்தோம்? ராதிகா முகத்தில் எப்படி விழிப்பது? வாசல்வரை அவன் பின்னாலேயே ஓடினார்.

“மன்னிச்சிரு மாப்ள. நீ அவ்வளவு கெஞ்சியும் நான் கேக்காமப் போயிட்டேன்.”

கௌரி நின்றான். கார்க் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு அவர் காதோரம் குனிந்தான்.

“இதுல கோளாறு இருக்குன்னு அந்தாளு முன்னால நான் வாயத் திறக்க முடியுமா? வேண்டாம்னு சொன்னாத்தானே அத்தான் நீங்க செய்வீங்க!”